‘ஓகானிக்’ என்னும் அடைமொழி: அதன் பொருளும் வழக்கும்

விஞ்ஞானச் சொற்கள் யாவும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் வரையறைக்கு உட்பட்டன என்பது பலருடைய எண்ணம். கவிஞன் வழங்குஞ் சொல் பல பொருள் பயத்தல் அழகாகும். விஞ்ஞானி வழங்குஞ் சொல் பல பொருள் பயத்தல் குற்றமாகும். ஆயினும், விஞ்ஞானிகளும் பிறரைப்போலப் பழஞ்சொற்களை எடுத்துப் புதுப்பொருளுக்கு ஆக்கிக்கொள்பவரேயாவர். அவ்வாறு ஆக்கப்பட்ட சொல் ஒரு துறையினின்றும் மற்றொரு துறைக்குச் செல்லும்போது, முன்னைப் பொருளை முற்றும் விடாமலும் பின்னைப் பொருளை முற்றும் பற்றாமலும் நின்று மயக்கத்தை விளைப்பதுண்டு. அத்தகைய சொற்களுள் ஒன்று ‘ஓகானிக்’ என்னும் ஆங்கில அடைமொழி. ஈழத்திலே நாம் இதனைச் ‘சேதன’ என்று மொழிபெயர்த்து வழங்குகின்றோம். தமிழகத்தார் ‘கரிம’ என்றும், ‘அங்கக’ என்றும், ‘இயற்கை’ என்றும் இடத்துக்கேற்ப வழங்குகின்றனர். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை தமிழ்ச் சொற்கள் எழுந்தமை தமிழின் சொல்வளத்தை மட்டுங் காட்டுவதன்று. அவ்வாங்கிலச் சொல் ஒரு பொருளில் நில்லாமையையும் காட்டுகின்றது.

இச்சொல்லின் பொருள் வேறுபாடு ஏட்டளவில் நிற்பதாயின் அதனை ஆராய்தல் புலவர்க்குப் பொழுதுபோக்காக முடியும். ஆனால் 2021ஆம் ஆண்டிலே இந்நாட்டு உழவர் அனைவருடைய கமமும் இவ்வொரு சொல்லின் பெயரால் மாற்றியமைக்கப்பட்டது. அரியாலை வயல்களிலே அவ்வாண்டு காலபோகத்துக்கு விதைத்தவர்களும் அதனை அறிவர். ஆதலின் இச்சொல் எங்கே பிறந்தது, எவ்வழி நடந்தது, எவ்வெப் பொருளில் நின்றது என்பவற்றை முறையே ஆராய்வோமாக.

சொற்பிறப்பு

‘ஓகானொன்’ என்னுங் கிரேக்கச் சொல்லுக்குக் கருவி என்பது பொருள். வேலை, செயல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லினின்றும் அது பிறந்தது. யாதானும் ஒரு தொழிலைச் செய்வதற்குத் துணையாவது எதுவோ அஃது ஓகானொன். அரிசுத்தோத்திலின் தருக்க நூல்களைத் தொகுத்த பிற்காலத்தார் அத்தொகுதிக்கு இப்பெயரையே இட்டனர். தருக்கம் அறிவுக்குக் கருவி என்பது அவர் கருத்து. தேவாலயங்களிலே இசைக்கப்படும் பெரிய இசைக்கருவிக்கும் இதனால் ‘ஓகன்’ என்னும் பெயர் வந்தது. கண், காது, கை, கால் முதலியன உயிர் தொழிற்படுதற்குக் கருவிகளாதலின் உடலுறுப்புக்களும் அப்பெயர் பெற்றன. உறுப்புக்கள் பல ஓர் ஒழுங்கிற் பொருந்தி ஒன்றற்கொன்று துணையாகி இயங்கும் உடம்பை ஆங்கிலேயர் ‘ஓகனிசம்’ என்றனர். அவ்வுடம்புக்கு உரியது ‘ஓகானிக்’ ஆயிற்று.

ஈண்டுச் சைவசித்தாந்தம் பயின்றார்க்கு ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. நம் நூல்கள் ஐம்பொறிகளையும் தொழிற்கருவிகளையும் மனம் முதலிய அந்தக்கரணங்களையும் ‘கருவி கரணங்கள்’ என்று கூறும். கரணம் என்னும் வடசொல்லும் செய்தல் என்னும் பொருளுடைய தாதுவினின்றே பிறந்தது. கிரேக்கர் உறுப்பைக் கருவி என்றனர். நம்மவரும் உறுப்பைக் கருவி என்றனர். இருவேறு நிலத்தார் ஒரே உவமையைக் கண்டமை வியக்கத்தக்கதாம். எனவே ‘ஓகானிக்’ என்பதன் முதற்பொருள், கருவியாய் அமைந்த உறுப்புக்களை உடையது என்பதேயன்றி, உயிருடையது என்பதன்று, காபனை உடையது என்பதுமன்று, நஞ்சற்றது என்பதுமன்று. இவை யாவும் பின்னர் வந்து சேர்ந்தவை.

இரசாயனத்திலே

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பேசீலியசு என்பார் பொருள்களை இருபாற்படுத்தினார். விலங்கு, தாவரம் என்னும் உறுப்புடை உடம்புகளிலிருந்து பெறப்படுவன ஒருபால். கல், மண், உலோகம், உப்பு முதலியன மற்றொருபால். முன்னையவற்றை ஆராயும் பகுதி ‘ஓகானிக்’ இரசாயனம் எனப் பெயர் பெற்றது. சீனி, எண்ணெய், நெய், சாராயம், புளியிலுள்ள அமிலம், சிறுநீரிலுள்ள யூரியா என்பன அதனுள் அடங்கின. இப்பொருள்களை ஆய்கூடத்திலே மனிதன் ஆக்கமுடியாது, உயிருக்கே உரிய ஒரு தனிவலி அவற்றை ஆக்குகின்றது என்னுங் கொள்கை அக்காலத்திலே பரவியிருந்தது.

1828ஆம் ஆண்டிலே பேசீலியசின் மாணவராயிருந்த வோலர் என்னும் ஜேர்மானியர், வெள்ளி சயனேற்று, அமோனியங் குளோரைட்டு என்னும் இரண்டு உப்புக்களைக் கொண்டு அமோனியஞ் சயனேற்றைப் பெற முயன்றார். அவர்க்குக் கிடைத்த வெண்பளிங்குகளோ யூரியாவாயிருந்தன. சிறுநீரகத்தின் உதவி சிறிதுமின்றி யூரியாவை ஆக்கினேன் என்று அவர் தம் ஆசிரியர்க்கு எழுதினார். இவ்வொரு சோதனையால் உயிர்வலிக் கொள்கை உடனே அழிந்ததென்று பாடநூல்கள் சில கூறுவது மிகையாம். 1845இலே கோல்பே என்பார் அசற்றிக்கமிலத்தை உயிரில்லாப் பொருள்களினின்றும் ஆக்கிக் காட்டினார். இவ்வாறு பலருடைய முயற்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்ட பின்னரே அக்கொள்கை தளர்ந்தது.

கொள்கை தளர்ந்தது, பெயரோ நிலைத்தது. உயிரினின்றும் வருவது என்னும் இலக்கணம் பொருந்தாமற் போகவே, அப்பெயருக்குப் புது இலக்கணம் வேண்டியதாயிற்று. 1860ஆம் ஆண்டை அண்டிக் கெக்குலே என்பார் அதனைக் காபன் சேர்வைகளின் இரசாயனம் என வரையறுத்தார். அன்று தொட்டு அப்பகுப்புக்குக் காரணம் பொருள் எங்கிருந்து வந்தது என்பதன்று. அதன் மூலக்கூற்றில் உள்ளது யாது என்பதே. இம்மாற்றத்தை நன்கு மனங்கொள்ளுதல் வேண்டும். வீட்டிலே காய்ச்சிய பனங்கட்டியிலுள்ள சீனியும் ஆலையிலே செய்த பொலித்தீன் பையும் இரசாயனநூலார்க்கு ஒரே பகுப்பின. மண்ணெண்ணெயும் அப்பகுப்பினது. பூச்சிகொல்லிகளுள் மிகப் பலவும் அப்பகுப்பினவே.

இப்புது இலக்கணத்துக்கும் புறனடைகள் உண்டு. காபனீரொட்சைட்டிலும் காபனேற்றுக்களிலும் காபன் இருந்தும் அவை மற்றைப் பகுப்பிலேயே வைத்து ஓதப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமாயுள்ள சுண்ணக்கல் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அது கல்சியங் காபனேற்று; பன்னூறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து உண்டானது. பிறப்பை நோக்கின் உயிரினின்றும் வந்தது. உறுப்பை நோக்கின் காபனை உடையது. இருந்தும் இரசாயனநூலார் அதனை ‘ஓகானிக்’ என்னார். வழக்கு இலக்கணத்தினும் வலிது என்பது விஞ்ஞானத்துக்கும் ஒக்கும்போலும்.

தமிழில் வந்த மூன்று பெயர்கள்

யாழ்ப்பாணத்திலே மேலைநாட்டு விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்கும் முயற்சி நெடுங்காலத்துக்கு முன்னரே தொடங்கியது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மாணவர்க்குத் தமிழிலே வைத்தியம் கற்பித்ததோடு நூல்களையுந் தமிழாக்கினார். உடலமைப்பு நூல் ‘அங்காதிபாதம்’ எனப் பெயர் பெற்றது. இரசாயன நூல் 1875இலே ‘கெமிஸ்தம்’ என்னும் பெயருடன் வெளிவந்தது. அங்கம் என்பது உறுப்பு. ‘ஓகன்’ என்பதற்கு அதுவே நேரான சொல்லாதலின், ‘ஓகானிக்’ என்பதற்கு ‘அங்கக’ என்னும் மொழிபெயர்ப்பு எழுந்தமை இயல்பேயாம். தமிழகத்திலே பழைய பாடநூல்களில் வழங்கிய இச்சொல் இன்று அங்கே வேளாண்மைச் சான்றிதழ்களிலே மீண்டும் வழங்குகின்றது.

இரண்டாவது, ஈழத்திலே பாடசாலைகளில் இன்றும் நிலைபெற்றுள்ள ‘சேதன’ என்பது. இதனை ஆக்கியோர் உயிரோடு தொடர்புடையது என்னுங் கருத்தையே முதன்மையாகக் கொண்டனர் என்பது வெளிப்படை. மூன்றாவது, தமிழகத்துப் பாடநூல்களில் வழங்கும் ‘கரிம’ என்பது. இது காபனை நோக்கி எழுந்தது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ‘அங்கக’ என்பது கிரேக்க மூலத்தின் பொருளைக் காத்து நிற்கின்றது. ‘சேதன’ என்பது பேசீலியசின் காலத்துக் கருத்தைக் காத்து நிற்கின்றது. ‘கரிம’ என்பது கெக்குலேயின் காலத்துக் கருத்தைக் காத்து நிற்கின்றது. ஆங்கிலத்திலே ஒரு சொல்லினுள் மறைந்து கிடக்கும் வரலாறு, தமிழிலே மூன்று சொற்களாய் விரிந்து கிடக்கின்றது. மொழிபெயர்ப்பாளர் மூவரும் தவறினாரல்லர். ஒரு சொல்லின் மூன்று பருவங்களை மூவரும் மொழிபெயர்த்தனர்.

எனினும் ‘சேதன’ என்பதிலே நமக்கு ஒரு தனி இடர் உண்டு. சேதனம் என்னுஞ் சொல் இரசாயனத்துக்காகப் புதிதாய் ஆக்கப்பட்டதன்று. சமயநூல்களிலே முன்னரே ஆட்சிபெற்றது. அறிவுடைப் பொருள் சேதனம். அறிவில் பொருள் அசேதனம், சடம். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள்களுள் முன்னைய இரண்டும் அறிவுடையன; பாசம் அறிவில்லது. உடம்பும் கருவி கரணங்களும் மாயையின் காரியங்களாதலின் அவையும் சடமேயாம். உயிர் நின்று செலுத்தினாலன்றிக் கண் தானாகக் காணாது என்பது சித்தாந்தத்தின் அடிப்படைகளுள் ஒன்று. ஆகவே கிரேக்கர் ‘ஓகன்’ என்றது எதுவோ அதனை நம் நூல்கள் அசேதனம் என்கின்றன. நம் பாடநூல்களோ அதனினின்றும் பிறந்த அடைமொழியைச் சேதனம் என்கின்றன. சமயபாடத்திலே உடம்பு அசேதனம் என்று கற்கும் மாணவன், அடுத்த பாடவேளையிலே மண்ணெண்ணெய் சேதனச் சேர்வை என்று கற்கின்றான். இஃது இரண்டு நூல்களின் முரணன்று; ஒரு சொல்லின் முரணேயாம். அதனை ஆசிரியர் ஒருமுறை எடுத்துக் கூறினால் மயக்கம் நீங்கும்; கூறாதுவிடின் மாணவன் இரண்டில் ஒன்றைப் பொய்யென்று கருதவும் கூடும்.

கமத்தொழிலிலே

இனி, இச்சொல் கமத்துக்கு வந்த வரலாற்றைக் காண்போம். 1840ஆம் ஆண்டிலே இலீபிக் என்னும் ஜேர்மன் அறிஞர், ‘ஓகானிக்’ இரசாயனத்தைக் கமத்தொழிலுக்குப் பிரயோகித்தல்பற்றி ஒரு நூல் எழுதினார். பயிர் மண்ணினின்றும் எடுத்துக்கொள்வன கனிப்பொருட் சத்துக்கள், அவற்றை உப்புக்களாய் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது அந்நூலின் முக்கிய முடிபுகளுள் ஒன்று. செயற்கைப் பசளைத் தொழிலுக்கு வித்திட்ட நூலின் பெயரிலேயே ‘ஓகானிக்’ என்னும் அடைமொழி நின்றது என்பதை இன்று அறிவார் சிலரே. பின்னர் 1909இலே ஏபர் என்பார் வளியிலுள்ள நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியாவாக்கும் வழியைக் காட்டினார். 1913இலே அது ஆலைத்தொழிலாயிற்று. அதன்மேலே யூரியாவும் ஆலைகளிலே மலிவாய் ஆக்கப்படலாயிற்று.

இதற்கு மறுதலையான இயக்கம் இந்தியாவோடு நெருங்கிய தொடர்புடையது. சேர் அல்பேட் ஹவாட் என்னும் ஆங்கிலேய விவசாய அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரிலே ஆராய்ச்சி நடத்தி, பயிர்க்கழிவையும் மாட்டெருவையும் அடுக்கி உக்கவைத்துக் கூட்டெருவாக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இந்திய உழவரிடமிருந்தே தாம் பலவற்றைக் கற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். மண்ணினின்றும் எடுத்தது மண்ணுக்கே மீளவேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய விவசாயச் சாசனம் என்னும் நூல் 1940இலே வெளிவந்தது. அதே ஆண்டிலே நோத்போண் பிரபு என்பார் எழுதிய நூலிலேதான் ‘ஓகானிக்’ கமம் என்னுந் தொடர் முதன்முதல் விளங்க ஆளப்பட்டது. 1942இலே உரோடேல் என்பார் அமெரிக்காவிலே தொடங்கிய பத்திரிகை அத்தொடரை மக்களிடையே பரப்பிற்று. 1972இலே பல நாட்டு இயக்கங்களும் ஒரு சங்கமாய் இணைந்தன. பின்னர் அரசாங்கங்கள் சட்டங்களும் சான்றிதழ்களும் வகுத்தன.

நோத்போண் பிரபு அச்சொல்லை எப்பொருளில் ஆண்டார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. உயிரினின்றும் வந்த எருவை இடுதல் என்னும் அளவில் அவர் நின்றாரல்லர். ஒரு கமம் முழுவதும் ஓர் உயிருடம்புபோல இருத்தல் வேண்டும். அதன் உறுப்புக்கள் ஒன்றற்கொன்று ஊட்டி ஒன்றாலொன்று நிற்றல் வேண்டும் என்பதே அவர் கருத்து. இது கிரேக்கரின் முதற்பொருளாம். இடையிலே இரசாயனநூலார் மூலக்கூற்றின்மேல் ஏற்றிய சொல்லை அவர் மீட்டு உடம்பின்மேல் ஏற்றினார்.

அத்தகைய கமத்தை யாழ்ப்பாணத்தார் பெயரின்றியே நடத்தி வந்தனர். வேலியிலே பூவரசும் கிளுவையும் நிற்கும். அவற்றின் குழை வயலிலே தாழ்க்கப்படும். வயலின் வைக்கோல் மாட்டுக்கு ஆகும். மாட்டின் எரு வயலுக்கு ஆகும். அறுவடை முடிந்த நிலத்திலே ஆட்டுப்பட்டி அடைப்பர். பனையோலை முதலிலே வேலியாகவும் கூரையாகவும் நின்று, பழுதுற்றபின் மண்ணுட் புதைந்து எருவாகும். வளவு, வேலி, பட்டி, வயல், கிணறு என்னும் ஐந்தும் ஓருடம்பின் உறுப்புக்களாய் இயங்கின. அதனை யாரும் சேதன விவசாயம் என்று சொன்னாரல்லர். கமம் என்றே சொன்னார். ஆயினும் அம்முறை இன்றுள்ள சனத்தொகை முழுவதற்கும் சோறிட்டதென்று கொள்ளுதல் பொருந்தாது. விளைவு குறைந்த நெல்லினங்களும் வானத்தை நம்பிய பயிர்ச்செய்கையும் அதன் எல்லைகளாயிருந்தன.

வைத்தியத்திலும் பிறவற்றிலும்

வைத்தியர் இச்சொல்லை வேறொரு பொருளில் ஆள்வர். உறுப்பிலே கண்ணாற் காணத்தக்க பழுது உள்ள நோய் ‘ஓகானிக்’ நோய். பழுது காணப்படாது தொழில் மாத்திரம் திரிந்தது மற்றொரு வகை. பரிசோதனையில் ‘ஓகானிக்’ காரணம் இல்லை என்று வைத்தியர் சொன்னால், நோயே இல்லை என்று அவர் சொன்னாரல்லர். இதனை அறியாமையால் நோயாளியைச் சுற்றத்தார் நடிப்பவன் என்று கருதுவதும் உண்டு. ஈண்டு ‘உறுப்புப் பழுது’ என்னும் எளிய தமிழ் போதியதாம். சமூகவியலிலே தூர்க்கைம் என்பார் 1893இலே, தொழில் வேறுபாட்டால் ஒருவரையொருவர் சார்ந்து நிற்கும் சமுதாய ஒற்றுமைக்கு இவ்வடைமொழியைக் கொடுத்தார். கலையாராய்ச்சியாளர் பகுதிகள் முழுமையோடு பிரிக்கவியலாது பொருந்திய காவியத்துக்கும் கட்டடத்துக்கும் இதனைக் கூறுவர். இவை யாவும் உறுப்பு, உடம்பு என்னும் உவமையின் விரிவுகளே.

பொருள் மயங்கும் இடம்

தொல்காப்பியனார் பலபொருள் ஒருசொல்லை வினைவேறுபடுவது, வினைவேறுபடாதது என இரண்டாகப் பகுத்தார். மா என்பது மரத்தையும் விலங்கையுங் குறிக்கும். பூத்தது என்னும் வினை வந்தால் மரமென்றும், ஓடிற்று என்னும் வினை வந்தால் விலங்கென்றுந் தெளிவோம். அவ்வாறு வினையால் தெளியாதவற்றை இன்ன பொருளையே குறித்தேன் என்று விளங்கச் சொல்லல் வேண்டும். நம் அடைமொழி இவ்விரண்டாம் வகையினது. சேதனப் பொருள் மண்ணிற் சேர்ந்தது என்றால், எரு சேர்ந்ததா, பூச்சிகொல்லி சேர்ந்ததா என்பது அத்தொடரால் விளங்காது.

அரியாலையிலே உயர்தர வகுப்பில் இரசாயனம் பயிலும் ஒரு மாணவன், தந்தையாரோடு வயலுக்குஞ் செல்பவன் என்று வைத்துக்கொள்வோம். அவன்முன் மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று யூரியா. காபனணு ஒன்று, ஒட்சிசனணு ஒன்று, நைதரசனணு இரண்டு, ஐதரசனணு நான்கு கொண்டு அமைந்த அது, வகுப்பிலே சேதனச் சேர்வை. அதுவும் அப்பகுதியின் வரலாற்றையே தொடக்கிவைத்த சேர்வை. வயலிலோ அது சேதனப் பசளை அன்று; விலக்கப்பட்ட செயற்கைப் பசளை. இரண்டாவது எப்பாவலையில் அகழப்படும் பொசுபேற்றுக் கல். வகுப்பிலே அஃது அசேதனம். சேதன விவசாய விதிகளோ இயற்கைப் பொசுபேற்றுக் கல்லைப் பெரும்பாலும் அனுமதிக்கும். மூன்றாவது மாட்டெரு. அஃது இருவழியும் சேதனம். ஆயினும் அதனுள்ளே பொற்றாசியம், கல்சியம் முதலியவற்றின் அசேதன உப்புக்களும் உள்ளன. முதலிரண்டிலும் வகுப்பும் வயலும் நேர்மாறாக நிற்கின்றன. ஒன்று மூலக்கூற்றை நோக்குகின்றது. மற்றொன்று செய்முறையை நோக்குகின்றது. சொல் ஒன்றாயிருத்தலால் நோக்கமும் ஒன்றென்று கருதுதல் கூடாது.

2021ஆம் ஆண்டின் பாடம்

2021 மே மாதம் 6ஆந் திகதிய வர்த்தமானி மூலம் செயற்கைப் பசளைகளும் பூச்சிகொல்லிகளும் இலங்கைக்கு இறக்குமதியாவது தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் சேதன விவசாயத்துக்கு மாறவேண்டும் என்பது அக்காலத்து ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்சவின் அரசாங்கம் கூறிய காரணம். வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாடும் அக்காலத்தே நிலவியது. உழவர் எதிர்ப்பு மிகவே நவம்பர் மாதத்திலே அத்தடை தளர்த்தப்பட்டது. ஆனால் காலபோகத்துப் பயிர் அதற்குமுன் நிலத்தில் நின்றது. அப்போகத்து நெல்விளைவு நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. அரிசி இறக்குமதி செய்யவேண்டியதாயிற்று.

இவ்வாறு நேர்ந்தமைக்குக் காரணத்தைச் சிறிய கணக்கொன்றாற் காட்டலாம். ஓர் எக்டேயர் நெல்வயலுக்கு 100 கிலோகிராம் நைதரசன் வேண்டும் என்று கொள்வோம். யூரியாவிலே நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. ஆதலின் சுமார் 217 கிலோகிராம் போதும். உக்கிய எருவிலே நூற்றுக்கு ஒரு பங்கு என்று கொண்டால் 10,000 கிலோகிராம் வேண்டும். ஏக்கருக்கு 16 பரப்பாக நம் ஊர் அளவையிலே சொன்னால், ஒரு பரப்புக்கு ஐந்தரைக் கிலோகிராம் யூரியாவின் இடத்திலே 250 கிலோகிராம் எரு வேண்டும். அவ்வெருவிலுள்ள நைதரசனும் அவ்வளவும் ஒரே போகத்திலே பயிருக்குக் கிடைப்பதன்று. உக்க உக்கச் சிறிது சிறிதாகவே கிடைக்கும். இத்துணை எருவை ஈனும் மாடும் குழையும் சில மாதங்களுக்குள் எங்கிருந்து வரும்? நிலத்தை ஆண்டாண்டாகப் பண்படுத்திப் பெறவேண்டிய ஒன்றை ஒரு கட்டளையாற் பெற முடியாது.

இனி, சொல்லாராய்ச்சியின்பாற்பட்ட செய்தி இரண்டு உள. தடை நடந்த காலத்திலேயே சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிய கப்பலொன்று வந்தது. அதன் மாதிரிகளிலே தீங்கு பயக்கும் நுண்ணுயிர்கள் கண்டறியப்பட்டன என்று கூறி அதிகாரிகள் அதனை இறக்க அனுமதித்திலர். விற்றவர்கள் அதனை மறுத்தனர். வழக்கும் பணப்பிணக்கும் நீண்டன. அதே ஆண்டின் இறுதியிலே இந்தியாவிலிருந்து ‘நனோ நைதரசன்’ என்னும் பெயரிலே திரவ யூரியா விமானமூலம் வந்தது. முன்னையது பெயராற் சேதனம். ஆயினும் அயல்நிலத்துக் கழிவைக் கடல்கடந்து கொணர்வது, தன் உறுப்புக்களால் தான் நிற்கும் கமம் என்னும் பொருளுக்கு முற்றும் மாறானது. உடம்பின் ஒழுங்கைக் கப்பலில் ஏற்றமுடியாது. பின்னையது பெயரை மாற்றிக்கொண்டு வந்த யூரியா. அடைமொழி பொருளைக் காட்டுவதை விட்டுப் பொருளை மறைக்கத் தலைப்பட்டதற்கு இவற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கிணறு கூறும் விடை

இவற்றால் எருவினும் யூரியாவே மேலானது என்றோ, சேதன விவசாயம் வீண் என்றோ யாம் கூறினோமெனக் கொள்ளற்க. யாழ்ப்பாணத்தார்க்கு இவ்விடயத்திலே மற்றை மாவட்டத்தாரினும் மிகுந்த கவலை இருத்தல் வேண்டும். நமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலே தங்கும் மழைநீரே நம் கிணற்றுநீர். அந்நீரிலே நைத்திரேற்று மிகுந்திருத்தலை 1980கள் முதலாக நடந்த ஆய்வுகள், சிறப்பாக இடையறாது தோட்டஞ் செய்யும் செம்மண் பகுதிகளிலே, காட்டியுள்ளன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அது மிகுந்த நீரிற் கரைத்த பாலை உண்ணும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பூப்பதும் உண்டு.

ஆனால் அந்நைத்திரேற்று எங்கிருந்து வருகின்றது? யூரியா மண்ணிலே அமோனியமாகும். மண்ணிலுள்ள பற்றீரியங்கள் அதனை நைத்திரேற்றாக்கும். மாட்டெருவும் குழையும் உக்கும்போது அவற்றிலுள்ள நைதரசனும் அதேவழியிற் சென்று நைத்திரேற்றேயாகும். மலகூடக் குழியிலிருந்து கசிவதும் அதுவே. நைத்திரேற்றைக் களிமண் பற்றி வைத்திருக்கமாட்டாது. பயிர் உண்டது போக எஞ்சியதை மழை கீழே கொண்டுசெல்லும். கிணற்றிலே சேர்ந்தபின் இது சேதனப் பசளையினின்றும் வந்தது, இது செயற்கைப் பசளையினின்றும் வந்தது என்று மூலக்கூற்றிலே பெயரெழுதி இராது. எருவின் சிறப்பு அதன் பெயரிலன்று. அது மெல்ல உக்குதல், மண்ணைப் பொருமச்செய்தல், ஈரத்தைத் தாங்குதல் என்னுஞ் செயல்களிலே உள்ளது. அளவு கடந்து இட்டால் எருவும் கிணற்றைக் கெடுக்கும். அளவறிந்து பலமுறை பிரித்து இட்டால் யூரியாவின் கேடும் குறையும். ஆதலாற் கேட்கவேண்டிய வினா, எப்பெயருடையது என்பதன்று. எவ்வளவு, எப்போது, எம்மண்ணில் என்பதேயாம்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் ‘ஓகானிக்’ என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல்லை எங்கும் வழங்குதல் பொருந்தாது என்பது போதரும். இரசாயனத்திலே அது காபன் சேர்வைகளைக் குறித்தலால் ‘காபன் சேர்வை’ என்றோ ‘கரிமம்’ என்றோ சொல்லுதல் தெளிவுடைத்து. ‘சேதன’ என்பது நம் பாடநூல்களில் வேரூன்றிவிட்டமையின் அதனை ஒருங்கே களைதல் எளிதன்று. ஆயினும் ஆசிரியர் அதனைக் கற்பிக்கும் முதல் நாளிலேயே சமயநூற் பொருளினின்றும் வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். வைத்தியத்திலே உறுப்புப் பழுது என்க. கமத்திலே பசளையைக் குறிக்குமிடத்து எரு, குழை, கூட்டெரு, பொசுபேற்றுக் கல் என அவ்வப் பொருளின் பெயரையே சொல்லுக. கமம் முழுவதையுங் குறிக்குமிடத்து, உறுப்புக்கள் ஒன்றையொன்று தாங்கும் முறை என்னும் முதற்பொருளை மறவாது சொல்லுக.

அடைமொழி என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னே பிடிக்கப்படும் விளக்குப் போன்றது. விளக்கு எப்பொருளின்மேல் ஒளிவீசுகின்றது என்று பாராமல் விளக்கையே வழிபடுவார்க்குப் பொருள் புலப்படாது. மூலக்கூறா, உறுப்பா, செய்முறையா, முழுக்கமமா என்னும் நான்கு வினாக்களையும் இச்சொல்லைக் கேட்குந்தோறும் ஒருவன் தனக்குள்ளே கேட்டுக்கொள்வானாயின், அவன் பரீட்சையிலும் பிழைபடான். பசளைப் பையின் மேலெழுத்திலும் மயங்கான். நாளை மீண்டும் ஒரு நல்ல சொல்லின் பெயரால் ஒரு கட்டளை பிறக்குமாயின், அதன் பொருள் யாது, கணக்கு யாது என்று வினாவவும் வல்லனாவான்.